ஊமைக் கட்டளைகளும் ஒரு வகுப்புப் படமும்



பழைய கணினியில் ஸ்கேன் செய்து வைத்திருந்த பள்ளிப் படங்கள் ஏறக்குறைய பதினோராயிரத்தையும் போன வாரம் புது ஹார்டு டிஸ்க்குக்கு மாற்ற உட்கார்ந்தேன். உங்களில் ஒருவன்தான் லினக்ஸில் 'சிபி' கட்டளை எழுதிக் கொடுத்தான். "என்டர் தட்டுங்க சார், அவ்வளவுதான்" என்றான். தட்டினேன். கறுப்புத் திரை, மினுக்கும் ஒரு கோடு. அரை மணி, முக்கால் மணி ஆயிற்று. ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று ஒரு சொல் இல்லை. பொறுமை போய் கன்ட்ரோல்-சி அழுத்திவிட்டேன்.

கடைசியாக நகலானது 1994 பத்தாம் வகுப்புப் படம். பெயர் முழுசாக இருக்கிறது; திறந்தால் மேல்பாதிதான், கீழே வெறும் சாம்பல் நிறம். தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் யாரையும் காணோம். பழைய கணினியை அழித்துப் பேரனுக்குக் கொடுப்பதாக இருந்தேன். நல்லவேளை, அதுவரை அழிக்கவில்லை.

கேட்டால், கணினித் துறையில் இருக்கும் பிள்ளைகள் "அது யூனிக்ஸ் மரபு சார், பிழை இல்லையென்றால் பேசாது" என்கிறீர்கள். ஒரு கட்டளை சொல்வதை இன்னொரு கட்டளை வாங்கிப் படிக்கும் இடத்தில் அது சரி. அங்கே வீண்பேச்சு கெடுதல். ஆனால் எதிரே இருப்பது திரையா, இன்னொரு நிரலா என்று கட்டளையால் கண்டுகொள்ள முடியும். பிழைச்செய்தி போகும் தனி வழியில் முன்னேற்றத்தைச் சொன்னால் வெளியீடும் கெடாது. முடிந்தும் செய்யாததற்கு மரபு என்று பெயர் வைக்காதீர்கள்.

"'-வி' சேருங்கள்" என்பீர்கள். அது கோப்புப் பெயர்களை வரிசையாக ஓடவிடும். பதினோராயிரத்தில் இது எத்தனையாவது என்று சொல்லாது. அறுபது விடைத்தாள் திருத்தும்போது "எவ்வளவு முடிந்தது?" என்று தலைமையாசிரியர் கேட்டால், திருத்திய பிள்ளைகளின் பெயர்களையா ஒப்பித்தேன்? "அறுபதில் நாற்பது" என்றேன்.

இது புதிய கோரிக்கையும் அல்ல. சதவீதம் காட்டும் பட்டையைப் பயனாளர்கள் விரும்புகிறார்கள் என்று பிராட் மையர்ஸ் 1985இலேயே ஆய்வுக்கட்டுரை எழுதினார். ஜிஎன்யூ 'டிடி' கட்டளை, ஓடும்போதே எவ்வளவு நகலானது என்று காட்டும் வசதியைப் பெற்றது 2015இல்! 'ஆர்சிங்க்' மட்டும் 2013இலிருந்து மொத்த வேலையின் சதவீதத்தை ஒரே வரியில் காட்டுகிறது, கேட்டால். பாதியில் நிறுத்தினாலும் அரைகுறைக் கோப்பை அசல் பெயரில் விட்டுவைப்பதில்லை. '-ஏ' சேர்த்து ஓட்டியிருந்தால், மறுமுறை முடிந்தவற்றைத் தாண்டிப் போகிறது.

நிரல் எழுதும் பிள்ளைகளே, முதலில் மொத்தத்தை எண்ணுங்கள். எத்தனை முடிந்தது என்று அவ்வப்போது சொல்லுங்கள். கடைசியில் எத்தனை தேறியது, எது எது தோற்றது என்று பட்டியல் கொடுங்கள். மார்க் ஷீட் இல்லாமல் யாராவது பரீட்சை நடத்துவார்களா?

எல்லாவற்றையும் ஆர்சிங்க்கில் முதலிலிருந்து நகலெடுத்தேன். தரையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். படத்தைக் கீழே போட்டிருக்கிறேன். 94 செட் பிள்ளைகள் தங்களைத் தேடிக் கண்டுபிடியுங்கள்.