பெயருக்குப் பொய்ப்பொருள் எதற்கு?

குழந்தை பிறப்பதற்கு முன்பே பெயர் தேடும் வேலை இன்று பல வீடுகளில் தொடங்கிவிடுகிறது. வகுப்பில் வேறு யாருக்கும் அந்தப் பெயர் இருக்கக் கூடாது, இரண்டு மூன்று எழுத்துக்குள் முடிய வேண்டும், ஜோதிடர் சொன்ன எழுத்தில் தொடங்க வேண்டும், நல்ல பொருளும் இருக்க வேண்டும். முதல் மூன்றையும் பெற்றோர் தாங்களே சரிபார்த்துக்கொள்கிறார்கள். நான்காவதை மட்டும் இணையப் பட்டியல் சொன்னபடி நம்பிவிடுகிறார்கள். சில ஆண்டுகளாகப் பரவிவரும் ‘ஆரவ்’ என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். பட்டியல்களில் பெரும்பாலும் ‘அமைதியானவன்’ என்று போட்டிருக்கிறது. வடமொழி அகராதியைப் புரட்டினால் ‘ஆரவ’ என்ற சொல்லுக்கு ஒலி, கூச்சல், முழக்கம் என்றே பொருள். கூச்சலுக்கு அமைதி என்று பொருள் எழுதியிருக்கிறார்கள். அரிய பெயர் வைப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. இல்லாத பொருளை ஒரு பெயரில் ஒட்டி, ‘உன் பெயருக்கு இதுதான் அர்த்தம்’ என்று பிள்ளையிடம் சொல்லி வளர்ப்பது தவறு என்கிறேன்.

இது ஒரு பெயரோடு நிற்கவில்லை. ‘அனயா’ என்ற பெண் பெயரை வடமொழிப் பெயர் என்று குறித்து, ‘தனித்துவமானவள்’, ‘தலைமை இல்லாதவள்’ என்றெல்லாம் பொருள் தருகிறார்கள். வடமொழியில் ‘அநய’ என்றால் தீய நெறி, கேடு. அக்கறை, பராமரிப்பு என்ற பொருளுள்ள ‘இனாயா’ என்ற அரபுச் சொல் ஒன்று உண்டு. அதை மனத்தில் வைத்துப் பெயரிட்டால் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அப்படி என்றால் அது அரபுப் பெயர் என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். ‘மைரா’வுக்கும் வடமொழியில் ‘அன்புக்குரியவள்’ என்று பொருள் எழுதுகிறார்கள். அது 1628இல் மறைந்த ஆங்கிலக் கவிஞர் ஃபல்க் கிரெவில் தன் கவிதைகளுக்காக உருவாக்கியதாகப் பெயராய்வாளர்கள் கருதும் பெயர். ஒரு கவிஞர் கற்பனை செய்த பெயர் என்பதே அழகான வரலாறு. அதை மறைத்துவிட்டு இல்லாத வடமொழிப் பிறப்பைச் சூட்டுகிறோம். பட்டியல் தயாரிப்பவர் யாரும் எந்த அகராதியில் பார்த்தேன் என்று குறிப்பதில்லை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்துப் போடுகிறார். நூறு இடத்தில் வந்த பிறகு பொய்யும் நம்பகமானதாகத் தெரிகிறது.

நம் ஊர்ப் பழைய பெயர்களோடு இதை ஒப்பிட்டால்தான் இழப்பு புரியும். இன்றைய காதுக்கு விசித்திரமாக ஒலிக்கும் குப்பன், குப்பம்மாள், பிச்சை, மூக்கன், மூக்காயி ஆகியவை எல்லாம் காரணத்தோடு வந்தவை. அடுத்தடுத்துப் பிள்ளைகள் இறந்த வீட்டில் அடுத்து பிறந்த குழந்தையைக் குப்பைமேட்டில் போட்டு எடுப்பார்கள், மூக்குக் குத்துவார்கள், தவிடு வாங்கிக்கொண்டு பிறருக்கு விற்றதுபோல் ஒரு சடங்கு செய்து திரும்பப் பெறுவார்கள். யாருக்கும் வேண்டாத பொருள் என்று நினைத்து எமன் விட்டுவிடட்டும் என்பதே நோக்கம். நைஜீரியாவின் யோருபா மக்களும் இப்படிப்பட்ட வீடுகளில் ‘இரு, வாழ்வை அனுபவி’ என்று பொருள்படும் ‘டுரோஜையே’ போன்ற பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். குப்பம்மாள் என்ற பெயரில் ஒரு தாயின் பயமும் மன்றாட்டும் அப்படியே இருக்கின்றன. தென்மாவட்டங்களின் இசக்கிமுத்துவில் உள்ள ‘இசக்கி’, இயக்கி என்ற பழைய தெய்வப் பெயரின் வழக்கு. யட்சி வழிபாடும் சமணமும் அந்தப் பெயருக்குப் பின்னால் நிற்கின்றன. தமிழ்க் கத்தோலிக்கர்களின் பெயர்களோ இன்னும் நுட்பமானவை. பவுல் என்ற பெயரின் இலத்தீன் மூலத்துக்குச் சிறியவர் என்று பொருள். ஆகவே அவர் தமிழில் சின்னப்பர் ஆனார், பிள்ளைகள் சின்னப்பன் ஆனார்கள். யோவான் என்ற எபிரேயப் பெயர் கடவுளின் அருளைச் சொல்கிறது. அருளப்பர், அருளப்பன் ஆகிய பெயர்கள் அதிலிருந்து வந்தன. வியாகுலம் என்ற பெயர் வியாகுல மாதாவையும், ஆரோக்கியம் என்ற பெயர் வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதாவையும் நினைவூட்டுகின்றன. நாகூர் மீரான் என்ற பெயருக்குப் பின்னால் நாகூர் தர்கா இருக்கிறது. இத்தனை பெயர்களிலும் பொருள் கேட்டால் வீட்டில் உள்ள யாராவது ஒரு கதை சொல்வார்கள். அந்தக் கதை பெரும்பாலும் உண்மையாக இருக்கும்.

பழைய பெயர்களைப் புகழ்ந்தால் உடனே ஒரு மறுப்பு வரும், வரவும் வேண்டும். அந்தப் பெயர்களில் பல, சுமந்தவர்களை அவமானப்படுத்தின. மனுஸ்மிருதி இரண்டாம் அத்தியாயத்தின் 31ஆம் சுலோகம் பிராமணனுக்கு மங்கலம் தொனிக்கும் பெயரும், சூத்திரனுக்கு இழிவு தொனிக்கும் பெயரும் வைக்கச் சொல்கிறது. அன்பினால் குப்பன் என்று அழைக்கப்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். ஆண்டைக்கு அஞ்சி அந்தப் பெயரோடு நின்றுவிட்டவர்களும் இருந்தார்கள். பெண் குழந்தைக்கு ‘வேண்டாம்’ என்று பெயரிட்டால் அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்ற நம்பிக்கை திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் அண்மைக் காலம்வரை இருந்தது. மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில் ‘வேண்டாதவள்’ என்று பொருள்படும் நகுசா என்ற பெயரைச் சுமந்த 285 சிறுமிகளுக்கு 2011 அக்டோபரில் மாவட்ட நிர்வாகமே விழா நடத்திப் புதுப் பெயர் கொடுத்தது. இந்தப் பெயர்கள் ஒழிய வேண்டியவை. ஒழிக்க முடிந்தது ஏன் என்று பாருங்கள்: அவற்றின் பொருளும் காரணமும் எல்லோருக்கும் தெரிந்திருந்தன. உண்மைப் பொருள் தெரிந்தால்தான் ஒரு பெயரை ஏற்கவும் முடியும், எதிர்க்கவும் முடியும்.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் கடினமானது. சொற்பொருள் காலத்தோடு மாறும், அகராதி மட்டும் இறுதித் தீர்ப்பா என்று கேட்கலாம். கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் ஆதன் என்ற பெயர் கீறப்பட்டிருக்கிறது. இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் முதலிய சேர மன்னர்கள் பெயரிலும் ஆதன் இருக்கிறது. பிற்கால அகராதியில் ஆதன் என்றால் குருடன், அறிவில்லாதவன் என்றும் பொருள் உண்டு. மன்னர்கள் அந்தப் பொருளிலா சூட்டிக்கொண்டார்கள்? நிச்சயமாக இல்லை. அந்தக் காலத்தில் அது என்ன உணர்த்தியது என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். ஆகவே இன்று ஒரு பிள்ளைக்கு ஆதன் என்று வைப்பவர், ‘கீழடி ஓட்டில் இருந்த பெயர், சேரர் வைத்திருந்த பெயர்’ என்று சொன்னால் போதும். அது முழு உண்மை. ‘சூரியனைப் போன்றவன்’ என்று அதற்கு ஒரு பொருளை இட்டுக்கட்ட வேண்டியதில்லை. பொருள் உறுதியாகத் தெரியாத பெயருக்குக் கூட வரலாறு இருக்கும், வைத்தவருக்கு ஒரு காரணம் இருக்கும்.

‘எங்களுக்கு ஒலி பிடித்திருக்கிறது, வைக்கிறோம்’ என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அது நேர்மையான காரணம். இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என்று நன்னூலே இரண்டையும் ஏற்றுக்கொள்கிறது. இடுகுறிப் பெயரை வைத்துவிட்டு அதற்குக் காரணப் பெயர் வேடம் போடுவதைத்தான் ஏற்க முடியவில்லை. புதுப் பெயர் படைப்பதற்கும் நல்ல முன்மாதிரி நம்மிடம் உண்டு. வேதாசலம் தன் பெயரை மறைமலை என்று மாற்றியபோது வேதத்துக்கு மறை, அசலத்துக்கு மலை என்று எழுத்துக்கு எழுத்து காரணம் இருந்தது. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனதும், ராமையா அன்பழகன் ஆனதும் ஓர் அரசியல் முடிவு. கேட்டவருக்கு அவர்களால் விளக்கம் சொல்ல முடிந்தது. எண் கணிதம் பார்த்து ஆங்கிலத்தில் கூடுதல் எழுத்துகளைச் சேர்க்கும் இன்றைய பழக்கத்துக்கு அப்படி ஒரு விளக்கமும் இல்லை. பள்ளிச் சான்றிதழிலும் கடவுச்சீட்டிலும் அந்தப் பிள்ளை எழுத்துப் பிழையோடு அல்லாடுவதுதான் மிச்சம்.

அவசரப்பட வேண்டிய தேவையும் இல்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டுமே தவிர, பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அந்த ஓராண்டில் ஒரு பெயரைச் சரிபார்ப்பது பெரிய வேலை அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும், மோனியர் வில்லியம்ஸின் சமஸ்கிருத அகராதியும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பாவாணரை முதல் இயக்குநராகக் கொண்டு 1974இல் தொடங்கிய சொற்பிறப்பியல் அகரமுதலி இயக்ககம், புழக்கத்தில் உள்ள பெயர்களுக்கு மொழி, மூலச் சொல், சான்று மூன்றையும் குறித்து ஒரு பெயரகராதி வெளியிட்டால் பெற்றோருக்குப் பேருதவியாக இருக்கும். அது வரும்வரை பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இந்தப் பெயரை ஏன் வைத்தோம், எங்கிருந்து எடுத்தோம் என்று ஒரு தாளில் நான்கு வரி எழுதி, பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள்.