கவிழ்த்துப் பார்ப்பவர்கள்

பழைய ஜெர்மன் பீங்கான் கோப்பை ஒன்று கையில் கிடைத்தால், சேகரிப்பாளர்கள் முதலில் ஓவியத்தைப் பார்ப்பதில்லை. கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்க்கிறார்கள். ட்ரெஸ்டன் நகரத்துப் பழம்பொருள் கடையொன்றில் இதை நேரிலேயே கண்டேன். ரோஜாக்களும் ஒரு வண்டும் தீட்டிய சிறு கோப்பையை ரசித்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் அதை வாங்கிக் கவிழ்த்தார். "வாள் இல்லை. மைசன் ஆலையுடையது அல்ல, வெளியே யாரோ வரைந்தது" என்றார். யார் என்று கேட்டேன். "யாராவது பெண்ணாக இருக்கும்" என்று சொல்லிவிட்டு விலையைக் குறைத்தார்.

அந்த விலைக்குறைப்போடுதான் என் சண்டை.

அந்த ஊரில் பீங்கானின் வரலாறு அரசர்களின் வேடிக்கைக் கதையாகச் சொல்லப்படுகிறது. சாக்சனியை ஆண்ட அகஸ்டஸ், பெட்கர் என்ற ரசவாதியைக் காவலில் வைத்துத் தங்கம் செய்யச் சொன்னான். கடைசியில் பீங்கான் கிடைத்தது. 1710இல் மைசன் கோட்டைக்குள் ஆலை எழுந்தது. இதே மன்னன் 1717இல் தன் குதிரைப்படை வீரர்கள் 600 பேரைப் பிரஷ்ய அரசனுக்குக் கொடுத்து, 151 சீனப் பீங்கான்களைப் பெற்றுக்கொண்டான். ஜாடிக்கு மனிதர்களை விற்றவனை நாம் ரசிகன் என்று கொண்டாடுகிறோம். ஜாடிகளுக்கு 'டிரகூன் ஜாடிகள்' என்று பெயர் நிலைத்துவிட்டது. அறுநூறு பேரின் பெயர்களை யாரும் கேட்பதில்லை.

கடைக்காரர் தேடிய வாள்களும் அந்த மன்னனுடையவைதான். சாக்சனியின் அரச சின்னத்திலிருந்து எடுத்த இரண்டு குறுக்கு வாள்களை ஆலை 1720களில் தன் முத்திரையாக்கியது. அதே காலத்தில் ஓவியப் பிரிவின் தலைவராக இருந்த ஹெரோல்டின் கீழ் வேலை செய்தவர்கள் தம் ஓவியத்தில் கையெழுத்திட முடியாது. ஆக, அடியில் இருப்பது உடைமையாளரின் அடையாளம். வரைந்தவர் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. 'கையால் வரைந்தது' என்று விலையைக் கூட்டுகிறவர்களிடம் யாருடைய கை என்று கேளுங்கள், பதில் வராது.

கோட்டைக்கு வெளியிலும் ஓவியர்கள் இருந்தார்கள். வெள்ளைப் பாத்திரங்களை வாங்கி, வீட்டிலேயே வண்ணம் தீட்டிச் சுட்டு விற்றார்கள். ஆலை அவர்களை அரைகுறைகள் என்று ஏசியது. வெள்ளைப் பாத்திரங்கள் வெளியே போவதைக் கட்டுப்படுத்தியது. ஆக்ஸ்பர்க் நகரில் யோஹான் ஆஃபென்வெர்த் இப்படியொரு பட்டறை வைத்திருந்தார். அவருடைய மகள்கள் அன்னா எலிசபெத்தும் சபீனாவும் அங்கே வரைந்தார்கள். திருமணத்துக்குப் பின் ஒருவர் வால்ட் ஆனார், மற்றவர் ஹோசனெஸ்டல் ஆனார். இன்று அந்தப் பாத்திரங்களுக்கு அருங்காட்சியகங்களில் இடமுண்டு. ஆனால் பல குறிப்பட்டைகளில் 'ஆஃபென்வெர்த் பட்டறை' என்றுதான் இருக்கிறது. தந்தை பெயரிலும் கணவன் பெயரிலுமாகத் தேடித்தான் இந்த இரண்டு ஓவியர்களை நாம் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ட்ரெஸ்டனில் ஹெலினா வொல்ஃப்சோன் என்ற பெண் சொந்தமாக ஓவியப் பட்டறை நடத்தினார். அகஸ்டஸின் பெயரெழுத்துகளையே அவர் முத்திரையாகப் போட்டார். மைசன் ஆலை வழக்குத் தொடர்ந்து அதை நிறுத்த வைத்தது. வாங்குபவரை ஏமாற்றும் முத்திரைதான் அது. அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் 1729 முதல் 1731 வரை மைசனில் என்ன நடந்தது? லெமேர் என்ற பாரிஸ் வணிகருக்காக ஜப்பானியப் பாத்திரங்களை அச்சு அசலாக நகல் செய்தார்கள். வாள்களைச் சுரண்டி எடுத்துவிடலாம் என்பதற்காக மெருகின் மேலேயே போட்டார்கள். ஜப்பானியச் சரக்கென்று விற்பதே அவர் திட்டம். அம்பலமானதும் லெமேர் வெளியேற்றப்பட்டார். அந்த நகல்களை இன்று ஆலையின் திறமைக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். வொல்ஃப்சோனின் பெயர் மட்டும் போலிகளைப் பற்றிய எச்சரிக்கையில் வருகிறது. இருவரும் செய்தது முத்திரை விளையாட்டு என்றால், தீர்ப்பு மட்டும் ஏன் இரண்டு?

கோப்பையின் விளிம்பில் மின்னும் தங்கத்தையும் கொஞ்சம் பாருங்கள். சூளையிலிருந்து வரும்போது அது மங்கலாக இருக்கும். அகேட் கல்லால் தேய்த்துத் தேய்த்துத்தான் பளபளப்பு ஏற்ற வேண்டும். பிற்காலப் பீங்கான் ஆலைகளில் இந்தத் தேய்ப்பு வேலை பெரும்பாலும் பெண்களிடம்தான் விடப்பட்டது. ஓவியத்துக்காவது 'யாரோ' என்றொரு சொல் கிடைக்கிறது. மெருகேற்றியவளுக்கு அதுவும் இல்லை.

ஆண்கள் யாருமே உழைக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. கோட்டைக்குள் கையெழுத்துப் போட முடியாமல் வரைந்தவர்களும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். நான் கேட்பது சின்ன விஷயம். ஆலையின் பெயர் தெரிந்தால் ஆலையின் பெயரை எழுதுங்கள். வரைந்தவர் பெயர் தெரிந்தால், அது மகளின் பெயரானாலும், முதல் வரியில் எழுதுங்கள். தெரியவில்லையென்றால் 'வரைந்தவர் தெரியவில்லை' என்று எழுதுங்கள். அந்த இடத்தில் அரசனின் வாளைப் போட்டு நிரப்பாதீர்கள்.

அந்தக் கோப்பையை நான் வாங்கினேன். "யாராவது பெண்ணாக இருக்கும்" என்று குறைத்த விலைக்கு அல்ல, முதலில் சொன்ன விலைக்கே. கடைக்காரருக்கு என் கணக்குப் புரியவில்லை. ஒருமுறைக்கு இருமுறை விலையைச் சொல்லிப் பார்த்துவிட்டு, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். வீட்டில் அது நேராகத்தான் நிற்கிறது. வருகிறவர்கள் கவிழ்க்கக் கை நீட்டினால், முதலில் வண்டைப் பாருங்கள் என்கிறேன்.