பெயருக்கு அருகில் ஒரு நட்சத்திரம்



பழைய பிரெஞ்சுக் கண்ணாடிப் பூச்சாடிகளின் படங்களைச் சிலர் பார்த்திருப்பீர்கள். பனி மூடியது போன்ற மங்கல் நிறச் சாடி. அதன்மேல் பூக்களும் தும்பிகளும் புடைத்து நிற்கும். பணக்காரர் வீட்டு அலங்காரப் பொருள்தானே என்று நினைக்கிறோம். ஆனால் அதற்குப் பின்னால் யுத்தமும் இடப்பெயர்வும் ஒரு விதவைப் பெண்ணின் உழைப்பும் இருக்கின்றன.

1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் யுத்தம் மூண்டது. 1871இல் அல்சாசும் லொறேனின் ஒரு பகுதியும் ஜேர்மனியுடன் சேர்க்கப்பட்டன. ஊரைவிட்டு வெளியேறிய பலர், பிரான்சின் பக்கம் எஞ்சிய நான்சி நகரில் குடியேறினர். அவர்களில் ஒருவர் ழான் டோம். ஊரில் நொத்தாரிசாக இருந்தவர். கண்ணாடித் தொழில் தெரியாதவர். ஒரு கண்ணாடித் தொழிற்சாலைக்குக் கொடுத்த கடன் திரும்பாததால், 1878இல் அதையே பொறுப்பேற்க நேர்ந்தது. அவரது மகன்மார் அதைப் புகழ்பெற்ற கலைக்கூடமாக வளர்த்தனர். தமது பெயருடன் லொறேன் மண்ணின் அடையாளமான இரட்டைச் சிலுவையையும் சாடிகளில் பொறித்தனர்.

அதே நான்சியில் 1846இல் பிறந்தவர் எமில் காலே. பல நிறக் கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்து, பூ வரவேண்டிய இடத்தை அமிலம் பிடிக்காத பூச்சினால் மூடுவார்கள். மற்ற இடங்களை அமிலம் அரிக்க, பூ மட்டும் புடைத்து நிற்கும். இம்முறையில் பெயர்பெற்ற காலே 1904இல் காலமானார்.

மனைவி ஹென்றியெற்றுக்கு நான்கு பெண்பிள்ளைகள். அவர் தொழிற்சாலையை மூடவில்லை. 1914இல் தான் இறக்கும்வரை பத்து வருடங்கள் நடத்தினார். கணவரின் மறைவுக்குப் பின்னர் செய்த சாடிகளில், ‘காலே’ என்ற கையொப்பத்தின் அருகே சிலகாலம் ஒரு சிறு நட்சத்திரம் இடப்பட்டது. சாடி எக்காலத்தது என்பதை அந்த நட்சத்திரத்தைக் கொண்டே இன்றும் கணிக்கிறார்கள். ஆனால் கையொப்பத்தில் ஹென்றியெற் என்ற பெயர் இல்லை.

“என்ன தொழில் செய்கிறீர்கள்?” என்று கேட்டால், “அவர் செய்ததைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்” என்று சொல்லும் சகோதரிகளை எனது வேலையில் அடிக்கடி சந்திக்கிறேன். பத்து வருடங்கள் பார்த்துக்கொண்டால் அது யாருடைய தொழில்? கணக்குக் கொப்பியிலும் பற்றுச்சீட்டிலும் வங்கிப் புத்தகத்திலும் உங்கள் பெயரையே எழுதுங்கள். அவரை மறந்துவிட்டதாக அதற்கு அர்த்தமில்லை.