வாலிபர் மன்றங்களுக்குத் தோள் கொடுப்போம்!

2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னை சாய்ந்தது, கூரை பறந்தது, ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் விழுந்தன. சர்க்கார் வண்டி வந்து சேருமுன் அரிவாளும் கோடரியும் எடுத்து, ரோட்டில் கிடந்த மரங்களை வெட்டி வழி திறந்தவர்கள் யார்? அந்தந்த ஊர் வாலிபர்கள். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது தண்ணீரில் இறங்கி முதியவர்களையும் குழந்தைகளையும் தூக்கி வந்தவர்கள் யார்? குப்பத்து மீனவர்களும் தெருப் பையன்களும்தான்.

இவர்களைத்தான் மற்ற நாட்களில் "வேலைவெட்டி இல்லாமல் மதகடியில் உட்கார்ந்திருக்கும் பயல்கள்" என்று ஏசுகிறோம். ஆபத்து வந்தால் அவர்கள் வேண்டும். நல்ல நாளில் அவர்களுக்கு உட்கார ஓர் இடம் தர மட்டும் மனம் வராது. இது நியாயமா?

ஆபத்தில் ஓடி வரும் குணம் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. அது நிலைத்து நிற்க ஒரு ஸ்தாபனம் வேண்டும். மன்றம் என்ற ஒன்று இருந்தால்தான் யார் வீட்டில் படுக்கையோடு கிடக்கும் கிழவி இருக்கிறாள், யாருக்கு நீச்சல் தெரியும், யார் ரத்தம் என்ன வகை என்ற கணக்கு முன்கூட்டியே கையில் இருக்கும். இரவு ஷிப்டில் ஒரு தொழிலாளிக்கு விபத்து நேர்ந்தால், அந்த ஒரு காகிதம் ஓர் உயிரைக் காப்பாற்றும்.

பக்கத்து மாநிலமான கேரளத்தைப் பாருங்கள். 1945-ல் அம்பலப்புழையில் பி. என். பணிக்கர் 47 நூலகங்களைக் கூட்டி ஒரு சங்கம் அமைத்தார். அவை சர்க்கார் கட்டிக் கொடுத்தவை அல்ல. ஊரார் தாங்களே முயன்று நடத்திய சின்னஞ்சிறு வாசகசாலைகள். அந்த விதை ஊருக்கு ஊர் பரவியது. 1991 ஏப்ரல் 18-ல் கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டதன் பின்னால் அந்த வாசகசாலை வாலிபர்களின் உழைப்பும் இருக்கிறது. அதே ஆண்டுகளில் நம் புதுக்கோட்டையிலும் அறிவொளி இயக்கம் நடந்தது. சம்பளம் வாங்காத தொண்டர்கள் கிராமம் கிராமமாகச் சென்றார்கள். கல்லுடைக்கும் பெண்களும் கூலிப் பெண்களும் எழுத்தும் கற்றார்கள், சைக்கிளும் கற்றார்கள். ஏழை ஊரில் எதுவும் நடக்காது என்போருக்கு இதைவிட வேறு என்ன பதில் வேண்டும்?

ஆனால் எல்லா மன்றமும் நல்ல மன்றம் அல்ல. பல ஊர்களில் தெருவுக்கு ஒரு மன்றம் இருக்கிறது. பெயரைப் பார்த்தாலே எந்தச் சாதி என்று தெரிகிறது. பேனர் வைக்க, பட்டாசு கொளுத்த, திருவிழாவில் மல்லுக்கு நிற்க அந்தப் பையன்களைப் பயன்படுத்துகிறார்கள். காண்டிராக்டர் பனியன் வாங்கித் தருகிறார். அடுத்த மாதம் தம் காரியத்துக்கு ஆள் கேட்கிறார். போலீஸ் கேஸ் வந்தால் அவர் இல்லை. கோர்ட்டுக்கு அலைவது கூலிக்காரன் மகன். நாம் ஒதுங்கி நின்றால் அந்த இடத்தில் இவர்கள் வந்து உட்காருவார்கள். இதுதான் ஆபத்து.

எனவே மன்றம் ஊருக்குப் பொதுவாக இருக்க வேண்டும். குடியானத் தெருப் பையனும் சேரிப் பையனும் ஒரே பாயில் உட்கார்ந்து பத்திரிகை படிக்காத மன்றம், எத்தனை கோப்பை வென்றாலும் பொதுமன்றம் ஆகாது. பெண்பிள்ளைகளுக்கு அங்கே இடமும் பொறுப்பும் வேண்டும். ஆலைப் பகுதிகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம்மோடு வேலை செய்யும் இளைஞர்களையும் அழைக்க வேண்டும். பாஷை தெரியாவிட்டாலும் பந்து விளையாடத் தெரியும்.

சேவை பற்றி ஒரு வார்த்தை. "சாக்கடையை நாமே சுத்தம் செய்தால் பஞ்சாயத்து எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வி சரிதான். ஒரு முறை நாமே இறங்கிச் செய்வோம், ஏனென்றால் காய்ச்சல் காத்திருக்காது. ஆனால் அத்தோடு நிறுத்தினால் பொறுப்புள்ளவர்கள் சுகமாகத் தூங்குவார்கள். மறுமுறை மனு எழுத வேண்டும். கிராம சபையில் எழுந்து பேச வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள் உண்டு. சேவை செய்த கைக்கு அங்கே கேள்வி கேட்கும் உரிமை இரட்டிப்பாகிறது. இந்தப் பழக்கத்தில்தான் தலைவர்கள் உருவாகிறார்கள். மாலை போடுவதால் அல்ல.

கேட்க வேண்டியவை பல. 2006 முதல் 2011 வரை அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிக்கு 20 லட்சம் ரூபாய் ஒதுக்கி நூலகமும் விளையாட்டு மைதானமும் அமைத்தார்கள். உங்கள் ஊரில் அந்தக் கட்டடம் திறந்திருக்கிறதா? பூட்டியிருந்தால் சாவியைக் கேளுங்கள். மாலையில் திறந்து நடத்த மன்றத்தின் வாலிபர்கள் முன்வரட்டும். அது மக்கள் பணத்தில் கட்டிய கட்டடம்.

பெரியவர்கள் செய்ய வேண்டியது என்ன? ஒரு திண்ணையோ கொட்டகையோ கொடுங்கள். தொழிற்சங்க அலுவலகத்தில் வாரத்தில் இரண்டு மாலை ஒதுக்குங்கள். சம்பள நாளில் ஆளுக்குப் பத்து ரூபாய் கொடுத்து ரசீது கேளுங்கள். மாதந்தோறும் வரவு செலவைப் பலகையில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். பணத்தகராறில்தான் பாதி மன்றங்கள் செத்துப் போகின்றன. ஏழு பேர் சேர்ந்தால் 1975-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்துகொள்ளலாம், அதற்கு வழிகாட்டுங்கள். புத்தி சொல்லுங்கள், ஆனால் நாற்காலியைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். செயலாளரும் பொருளாளரும் வாலிபர்களாகவே இருக்கட்டும். ஆண்டுதோறும் தேர்தல் நடக்கட்டும். தவறு செய்வார்கள், திருத்திக்கொள்வார்கள். நாம் மட்டும் எப்படிக் கற்றோம்?

தோழர்களே! அடுத்த மழைக்காலம் நம்மைக் கேட்டுக்கொண்டு வராது. புயல் எச்சரிக்கை வந்த பிறகு பையன்களைத் தேடி ஓடுவதில் பயனில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமையே உங்கள் தெருவின் வாலிபர்களைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அவர்கள் பேசட்டும், நாம் கேட்போம். இடமும் காசும் துணையும் கொடுப்போம். ஊர் அவர்களுடையது என்று நம்பிக் கொடுத்தால், ஊரை அவர்கள் காப்பார்கள்.