பாசிர் ரிஸ் வீடு: வாங்குமுன் இன வரம்பைப் பாருங்கள்

கடற்காற்று, பூங்கா, 2030ல் குறுக்குத் தீவு ரயில் பாதை. பாசிர் ரிஸ் மறுவிற்பனை வீடுகளை நம்மவர்கள் நாடுவதில் வியப்பில்லை.

ஆனால், 1989 முதல் நடப்பிலுள்ள இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி ஒரு புளோக்கில் இந்தியர், இதர இனத்தவருக்கான வரம்பு 15 விழுக்காடு, அக்கம்பக்கத்தில் 12. அது நிரம்பிவிட்டால் அதே பிரிவினரிடம் மட்டுமே வாங்கலாம். விற்கும்போதுதான் கூடுதல் சிக்கல். சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் சீனருக்கு விற்க இயலாது. ஆகப் பெரிய சந்தையே கைநழுவும், விலையும் இறங்கும்.

கொள்கையின் நோக்கம் நல்லதே. அதன் செலவைச் சிறுபான்மையினர் அதிகம் சுமக்கிறார்கள் என்பதும் உண்மை. விற்க முடியாமல் திணறுவோரின் வீட்டைத் திரும்ப வாங்க 2022ல் வீவக முன்வந்தது அதனால்தான்.

வரம்பு நிலவரம் மாதந்தோறும் முதல் தேதி வீவக இணையத்தளத்தில் புதுப்பிக்கப்படுகிறது. முன்பணம் கொடுக்குமுன் நம் வரம்போடு சீனர் வரம்பையும் பார்த்துவிடுங்கள்.