இருபது ரூபாய் பத்திரமும் என் சித்தியும்

போன வாரம் மதியம் கேண்டீனில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் செட்டில் ஒருவன் சமோசாவைக் கடித்துக்கொண்டே ஒரு தத்துவத்தை உதிர்த்தான். "இப்பல்லாம் டைவர்ஸ் ஃபேஷன் ஆயிடுச்சு மச்சி. கோர்ட்டுக்குப் போனா ஈசியா குடுத்துடறாங்க. நம்ம பாட்டி காலத்துல இப்படியா?" சுற்றியிருந்த எட்டு பேரில் ஆறு பேர் தலையாட்டினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த பீரியட் காஸ்ட் அக்கவுண்டிங் டெஸ்ட். இப்போது டெஸ்ட் முடிந்துவிட்டது, அதனால் சொல்கிறேன். மச்சி, இந்தப் பதிவு உனக்குத்தான்.

பாட்டி காலத்திலும் பிரிந்தார்கள். ஒருத்தி பெட்டியோடு அம்மா வீட்டுக்கு வந்தாள், திரும்பிப் போகவில்லை. கதை அங்கே முடிந்தது. கோர்ட்டுக்குப் போகாததால் அது கணக்கில் வரவில்லை. கணக்கில் வராததால் நடக்கவே இல்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பி.காம். படிக்கிறவனுக்கு இது புரியாமல் போனால் எப்படி?

நம்பர் வேண்டுமா? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் விவாகரத்து ஆனவர்கள் சுமார் 13.6 லட்சம் பேர். விவாகரத்து ஆகாமல் 'பிரிந்து வாழ்பவர்கள்' அதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அதாவது கோர்ட் படியேறி முடித்துக்கொண்டவர்களை விட, முடிக்காமல் தொங்கிக்கொண்டிருப்பவர்கள்தான் அதிகம். ஃபேஷன் என்றால் தொங்குவதுதான் ஃபேஷன்.

அப்படித் தொங்கியவர்களில் ஒருவர் என் சித்தி.

சித்திக்கு 2006-ல் கல்யாணம். 2009-ல் கைக்குழந்தையோடு ஆவடியில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். என்ன நடந்தது என்பதை இங்கே எழுதப்போவதில்லை, அது சித்தியின் சொந்த விஷயம். அடுத்த வருடம் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் ஒரு கோயில் மண்டபத்தில் கூடினார்கள். நகை திரும்பி வந்தது, பாத்திரம் திரும்பி வந்தது. இருபது ரூபாய் பத்திரத்தில் "இன்று முதல் இருவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை" என்று டைப் அடித்து, இருவரும் கையெழுத்துப் போட்டு, இரண்டு சாட்சி, ஒரு நோட்டரி சீல். வேலை முடிந்தது என்று எல்லோரும் காபி குடித்துவிட்டுக் கலைந்தார்கள். "கோர்ட்டு கேஸுன்னு அலைஞ்சா மானம் போயிடும். இதுவே போதும்" என்றார் ஒரு பெரியவர். அந்த 'மாப்பிள்ளை' ஆறே மாதத்தில் வேறு கல்யாணம் செய்துகொண்டார். சித்தி பத்திரத்தை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் தையல் வேலைக்குப் போக ஆரம்பித்தார்.

எட்டு வருடம் ஓடியது. 2018-ல் கூட வேலை செய்த ஒருவர், மனைவியை இழந்தவர், வீட்டுக்கு வந்து முறையாகப் பெண் கேட்டார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. 'மாமா' என்று கூப்பிடக்கூட ஆரம்பித்துவிட்டேன். கல்யாணத்தைப் பதிவு செய்ய வேண்டுமே என்று விசாரிக்கப் போனபோதுதான் குண்டு வெடித்தது. முதல் கல்யாணம் முடிந்ததற்குக் கோர்ட் டிகிரி எங்கே? சித்தி பீரோவில் இருந்த பத்திரத்தை எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலிடம் போனார். அவர் பார்த்துவிட்டு, "இதுல பஜ்ஜி மடிக்கலாம்மா" என்றார்.

உண்மை அதுதான். 1955-ம் வருட இந்து திருமணச் சட்டப்படி நடந்த கல்யாணத்தை முறிக்க நீதிமன்றத்தால்தான் முடியும். சில சமூகங்களில் 'தீர்த்து விடும்' வழக்கம் இருக்கிறது, அதற்குச் சட்டம் இடமும் கொடுக்கிறது. ஆனால் அப்படி ஒரு வழக்கம் தொன்றுதொட்டு இருக்கிறது என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். நோட்டரி சீல் அதை நிரூபிக்காது. புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்டாலே கல்யாணம் செல்லும் என்று 1967-ல் அண்ணா ஆட்சியில் திருத்தம் கொண்டுவந்த மாநிலம் இது. சேர்வதற்கு ஒரு மாலை போதும். பிரிவதற்கு நீதிபதி கையெழுத்து வேண்டும். சுயமரியாதைத் திருமணத்துக்கும் இதேதான். மற்ற மதத்துக்காரர்கள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். முஸ்லிம் பெண் கேட்கும் குலாவுக்குத் தனியார் ஷரியத் கவுன்சில் கொடுக்கும் சான்றிதழ் செல்லாது, குடும்ப நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று 2023-ல் சென்னை உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது. கிறிஸ்தவப் பெண்கள் நிலை இன்னும் மோசமாக இருந்தது. 1869-ம் வருடச் சட்டத்தில், கணவனுக்கு மனைவியின் நடத்தையைக் காட்டினால் போதும், மனைவிக்கு அதோடு கொடுமை, கைவிடல் என்று இன்னொன்றையும் சேர்த்துக் காட்ட வேண்டும். அது மாறியதே 2001-ல்தான்.

சித்தி கதைக்கு வருகிறேன். சட்டப்படி அந்த ஆளின் இரண்டாவது கல்யாணமே செல்லாது. போலீசுக்குப் போயிருந்தால் அவர்தான் மாட்டியிருப்பார். சித்தி போகவில்லை. "அந்தப் பொண்ணு என்னடா பாவம் பண்ணுச்சு? அதுக்கு ரெண்டு குழந்தைங்க இருக்கு" என்றார். பரஸ்பர சம்மதத்தில் முடிக்கலாம் என்று கேட்டதற்கு அந்த ஆள் போட்ட கண்டிஷனைப் பாருங்கள். ஜீவனாம்சம், பையன் படிப்புச் செலவு எதுவும் கேட்க மாட்டேன் என்று எழுதித் தர வேண்டுமாம். 2019 முழுக்க இந்தப் பேரத்திலேயே போனது. கடைசியில் சித்தி எழுதிக் கொடுத்தார். 2020 ஜனவரியில் பூந்தமல்லியில் மனு போட்டார்கள். ஆறு மாதம் காத்திருக்கணும் என்றார் வக்கீல். மார்ச்சில் கொரோனா வந்தது. டிகிரி கைக்கு வந்தது 2021-ல். அதற்குள் அந்த மாமாவின் அம்மா பொறுமை இழந்து, ஊரடங்கிலேயே அரக்கோணத்தில் இருபது பேரை வைத்து அவருக்கு வேறு கல்யாணம் முடித்துவிட்டார்.

இனிமேல்தான் எனக்குக் கோபம் வரும் இடம்.

அந்த ஆறு மாதம் கட்டாயமே இல்லை. அமர்தீப் சிங் வழக்கில் 2017 செப்டம்பரிலேயே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. பிரிந்து ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, சேர வாய்ப்பில்லை, பணம், குழந்தை விஷயமெல்லாம் பேசி முடித்தாயிற்று என்றால், காத்திருப்பைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். முதல் விசாரணை முடிந்து ஒரு வாரத்தில் அந்த மனுவைப் போடலாம். சித்தி பிரிந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கேட்டிருந்தால் ஊரடங்குக்கு முன்பே முடிந்திருக்கலாம். யாரும் கேட்கவில்லை. கேட்கலாம் என்று யாரும் சொல்லவில்லை.

வக்கீல் ஃபீஸுக்கு சித்தி வளையலை அடகு வைத்தார். அதுவும் தேவையில்லை. 1987-ம் வருட சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, எந்தப் பெண்ணுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. மறுபடி படியுங்கள். ஏழைப் பெண்ணுக்கு மட்டுமில்லை, எந்தப் பெண்ணுக்கும். நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் குழுவில் ஒரு மனு கொடுத்தால் போதும். 15100 என்ற இலவச எண்ணும் இருக்கிறது. எங்கள் வீட்டில் பெரியப்பா டிகிரி ஹோல்டர், அப்பா அரசு ஊழியர். ஒருவருக்கும் இது தெரியவில்லை. ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது எப்படி என்று கேட்டால் தெருவே கூடி நின்று சொல்லும். இது மட்டும் யாருக்கும் தெரியாது. ஏனென்றால் தெரிந்துகொள்வதே அபசகுனம்.

பையனின் செலவை விட்டுக்கொடுத்து எழுதியது அதைவிடக் கொடுமை. பராமரிப்புச் செலவு பிள்ளையின் உரிமை. அம்மா கையெழுத்துப் போட்டதால் அது போய்விடாது.

சரி, திட்டினது போதும். தெரிந்ததை எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும்.

1. மனுவை எங்கே போடுவது? கல்யாணம் நடந்த இடம், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம், எதிர்த்தரப்பு இருக்கும் இடம், மனு போடுவது மனைவி என்றால் அவர் இப்போது இருக்கும் இடம். இந்தக் கடைசி வசதி 2003-ல்தான் வந்தது. குடும்ப நீதிமன்றம் இருக்கும் எல்லையில் அங்கே, இல்லாத இடத்தில் சார்பு நீதிமன்றத்தில். நம் ஏரியாவில் ஒரு குழப்பம் உண்டு. அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சிக்குப் போனது, 2018-ல் சென்னை மாவட்டத்துக்குப் போனது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம்தான். மாவட்ட எல்லையும் கோர்ட் எல்லையும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு கிளம்பாமல், முதலில் விசாரித்துவிட்டு பஸ் ஏறுங்கள்.

2. கல்யாணத்தைப் பதிவு செய்யவில்லை என்றால் விவாகரத்து கிடைக்காது என்பது புரளி. பத்திரிகை, போட்டோ, முகவரி ஆதாரம் வைத்தே மனு போடலாம்.

3. பரஸ்பர சம்மதம் என்றால் ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டும். ஒருவர் சம்மதிக்கவில்லை என்றால் கொடுமை, இரண்டு வருடம் கைவிட்டது போன்ற காரணங்களைக் காட்டி வழக்கு நடத்த வேண்டும். தொழுநோயும் ஒரு காரணமாக 2019 வரை அந்தப் பட்டியலில் இருந்தது என்பது நமக்கு வெட்கம்.

4. 'விவாகரத்து சான்றிதழ்' என்று எந்த ஆபீஸும் தராது. பிறப்புக்குப் பதிவேடு இருக்கிறது, இறப்புக்கு இருக்கிறது, 2009-ம் வருடச் சட்டப்படி கல்யாணத்துக்கும் கட்டாயம். விவாகரத்துக்குக் கோர்ட் டிகிரிதான் ஆதாரம். அமெரிக்காவில் பெரும்பாலும் கவுண்டி கோர்ட் கிளார்க்கிடம் கேட்டு வாங்குவார்கள், அங்கேயும் நியூயார்க்கில் நூறு வருடத்துக்கு வெளியாட்களுக்குக் காட்ட மாட்டார்கள். இங்கே வழக்கு எண், வருடம் போட்டு நகல் மனு கொடுத்தால் சான்றிட்ட நகல் கிடைக்கும். நாலு காப்பி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு எண்ணைப் பத்திரமாகக் குறித்து வையுங்கள்.

5. இரண்டாம் கல்யாணத்துக்கு வரன் பார்க்கிறீர்களா? "எல்லாம் முடிஞ்சிடுச்சுங்க" என்ற வாய்வார்த்தையையும் பத்திரத்தையும் நம்பாதீர்கள். சான்றிட்ட நகலைக் கேளுங்கள். அப்பீல் காலம் முடிந்ததா என்று பாருங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. அந்த 'மாப்பிள்ளை'யின் இரண்டாவது மனைவி வீட்டில் யாராவது கேட்டிருந்தால், அந்தப் பெண் இந்த நிலைக்கு வந்திருக்க மாட்டார்.

"கோர்ட்டுக்குப் போனா குடும்பம் உடைஞ்சிடும்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் சேர்த்து வைக்க முயற்சி செய் என்றுதான் சட்டமே நீதிபதிக்குச் சொல்கிறது. விசாரணையை மூடிய அறையில் நடத்தவும், வெளியில் அச்சடிக்காமல் தடுக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. கோயில் மண்டபத்தில் முப்பது பேர் சுற்றி உட்கார்ந்து "ஏன்மா, நீ அனுசரிச்சுப் போகலையா?" என்று கேட்டது எந்த மூடிய அறை? மானம் போனது அங்கேதான். பொய் கேஸ் போடுபவர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கலாம். அதற்காக உண்மையான கேஸ் இருப்பவர்களை பஜ்ஜி மடிக்கும் பேப்பரோடு அனுப்பி வைப்பீர்களா?

தமிழில் 'வாழாவெட்டி' என்று ஒரு சொல் இருக்கிறது. அதற்கு ஆண்பால் இல்லை. எட்டு வருடம் அந்த ஆள் இன்னொரு குடும்பமே நடத்தினார், அவருக்கு ஒரு பெயரும் இல்லை. தையல் மெஷின் ஓட்டிப் பையனைப் படிக்க வைத்த சித்திக்குத்தான் பெயர். அந்தச் சொல்லை நான் இனி எந்த விசேஷத்தில் கேட்டாலும், சொன்னவர் யாராக இருந்தாலும், சாப்பாட்டுப் பந்தியிலிருந்து எழுந்து போவதாக முடிவு செய்திருக்கிறேன்.

கணக்குப் பாடத்தில் முதலில் சொல்லிக்கொடுத்தது, வராக்கடனை வராக்கடன் என்று எழுதி முடி, அப்போதுதான் அடுத்த வருடக் கணக்கு சரியாக வரும் என்பது. சித்தியின் கணக்கை முடிக்க விடாமல் பதினோரு வருடம் இழுத்தது சட்டம் இல்லை மச்சி. நம் வீட்டுப் பெரியவர்களும், அவர்களுடைய இருபது ரூபாயும்.

டிகிரி இப்போது அதே பீரோவில் இருக்கிறது. பத்திரத்தைக் கிழித்துப் போடலாமா என்று கேட்டேன். "இருக்கட்டும்டா, உன் தங்கச்சிக்குக் கல்யாணம் ஆகும்போது காட்டணும்" என்றார் சித்தி.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை, பி.காம். மூன்றாம் வருடம். உங்கள் கேஸுக்கு நேரில் போய்க் கேளுங்கள். சமோசா மச்சி, நாளைக்கு கேண்டீனில் பார்ப்போம் :-)