பூலித்தேவரை எதிர்த்து வந்த சிப்பாய்கள் யார்? தென்காசி மறந்துவிட்ட பாதிக் கதை

குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்துவிட்டால் போதும், மதுரையிலிருந்து கிளம்பும் கார்கள் ராஜபாளையம், சிவகிரி, வாசுதேவநல்லூர் வழியாகத் தென்காசிக்கு வரிசை கட்டும். வாசுதேவநல்லூரில் டீ குடிக்க இறங்குபவர்களில் பலருக்கு, அங்கே ஒரு மண்கோட்டை பீரங்கிகளைத் தாங்கி நின்றது தெரியாது. தெரிந்தவர்களும் சொல்வது பாதிக் கதைதான்: 'வெள்ளைக்காரன் வந்தான், பூலித்தேவர் எதிர்த்தார்.'

சரி, வந்த படையில் இருந்தவர்கள் எல்லோரும் வெள்ளைக்காரர்களா? இல்லை. பெரும்பாலோர் இந்த மண்ணின் ஆட்கள்.

என்ன நடந்தது?

ஆற்காடு நவாப் முகமது அலிக்குக் கப்பம் கட்ட மறுத்தார் நெற்கட்டும்செவல் பாளையக்காரர் பூலித்தேவர். நவாபுக்காக வரி வசூலிக்க வந்தது கிழக்கிந்திய கம்பெனி. 1755-ல் கர்னல் ஹெரான் வந்தார்; கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பினார். அடுத்து வந்தவர் யூசுப்கான். கமல்ஹாசன் 1997-ல் தொடங்கி, இன்னும் முடியாத 'மருதநாயகம்' படத்தின் நாயகன் இவர்தான். ராமநாதபுரம் பக்கத்துப் பனையூர்க்காரர். கம்பெனி சிப்பாய்களின் தலைவர்.

1759-ன் கடைசியில் வாசுதேவநல்லூரில் யூசுப்கானின் தாக்குதல் தோற்றது. 1761-ல் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய மூன்று கோட்டைகளும் அவர் கைக்குப் போயின. (இந்தப் பனையூர் வேறு, அவர் பிறந்த பனையூர் வேறு.)

யார் எந்தப் பக்கம்?

இங்கேதான் கதை சிக்கலாகிறது. நவாபின் சொந்த அண்ணன் மாபூஸ்கான், தம்பிக்கு எதிராகப் பூலித்தேவரோடு சேர்ந்தார். முதலில் பூலித்தேவர் பக்கம் இருந்த திருவிதாங்கூர், 1759-ல் யூசுப்கான் பக்கம் சாய்ந்தது. மேற்குப் பாளையங்கள் பல பூலித்தேவரோடு நின்றன. எட்டயபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும் அந்தக் கூட்டணிக்கு வரவில்லை.

அண்ணன் தம்பி, பக்கத்துப் பாளையம், பக்கத்து ராஜா என்று எல்லோரும் எதிரெதிரே நின்றால் அதற்கு இன்னொரு பெயரும் உண்டு: உள்நாட்டுப் போர். விடுதலைப் போர் என்று பாடப்புத்தகம் சொல்வதில் தப்பில்லை. ஆனால் அது முழுசாகச் சொல்லவில்லை.

சிப்பாய்கள் ஏன் போனார்கள்?

மாதச் சம்பளம். அந்தக் காலத்தில் அது சின்ன விஷயமில்லை. சென்னையில் இந்தச் சிப்பாய் கம்பெனிகளைப் பட்டாலியன்களாகத் திரட்டும் வேலை 1758-ல் தொடங்கியது. 'வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு' என்று முழங்கும் இன்றைய மெட்ராஸ் ரெஜிமென்ட் தன் வரலாற்றை அந்த ஆண்டிலிருந்துதான் எண்ணுகிறது. ஆக, நாம் பெருமைப்படும் ரெஜிமென்ட்டின் வேரும், நாம் மாலை போடும் பூலித்தேவர் சிலையும் ஒரே போரின் இரண்டு பக்கங்கள்.

அப்போ அந்தச் சிப்பாய்கள் துரோகிகளா? அவ்வளவு சுலபமில்லை. யூசுப்கானே பிறகு நவாபையும் கம்பெனியையும் எதிர்த்து, 1764 அக்டோபர் 15-ல் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். 1806 ஜூலை 10-ல் வேலூர்க் கோட்டையில் எழுந்த சிப்பாய்களில் 23-வது ரெஜிமென்ட்டின் 2-வது பட்டாலியனும் உண்டு. அது திருநெல்வேலிச் சீமையில் ஆள் எடுத்த படை. பாளையக்காரர்களிடம் வேலை பார்த்தவர்கள் பலர் அதில் இருந்தார்கள். எழுச்சி அடங்கியதும் அந்தப் பட்டாலியனின் பெயரையே கம்பெனி தன் ராணுவப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது.

இப்போ இதைப் பேசணுமா?

பேசணும். ஆகஸ்ட் 20 ஒண்டிவீரன் நினைவு நாள். செப்டம்பர் 1 பூலித்தேவர் பிறந்த நாள். இருவரும் ஒரே அணியில் போரிட்டவர்கள். ஆனால் இந்த இரண்டு நாட்களையும் ஒட்டித் தென்காசி மாவட்டத்தில் தடை உத்தரவு, போலீஸ் குவிப்பு, வண்டிச் சோதனை எல்லாம் வாடிக்கையாகிவிட்டது. ஒன்றாக நின்றவர்களைச் சாதிவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறோம்.

எதிர்ப்பக்கத்தை 'வெள்ளைக்காரன்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால், நம் பக்கத்தை 'எங்க ஆளு' என்று முடிப்பதும் சுலபமாகிவிடுகிறது. முழுக் கதையில் அதற்கு இடமில்லை. எந்தச் சாதியும், எந்த மதமும் இந்தப் போரில் ஒரே பக்கம் நிற்கவில்லை. இதனால் பூலித்தேவரின் பெருமை குறையாது. அண்டை அரசன் அணி மாறிய பிறகும் அவர் பணியவில்லை என்பது கூடுதலாகத்தான் தெரியும்.

நெற்கட்டும்செவலில் அரசு கட்டிய நினைவு மாளிகை இருக்கிறது. அங்கே ஒரு பலகை போதும்: உள்ளே நின்று போரிட்டவர்கள் யார், வெளியே நின்று தாக்கியவர்கள் யார், அவர்களின் வாரிசுப் படை வேலூரில் என்ன செய்தது என்று. குற்றாலம் போகிற வழியில் ஒரு அரை மணி நேரம் அதைப் படிக்கச் செலவழிக்கலாம்.